பதினோராம் தேதி மேசை

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்புகள் மடிக்கப்படும். விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. சூட்டு உருளையிலிருந்து வெளியே வரும் விரிப்பின் இரண்டு மூலைகளை ஒருத்தி பிடிப்பாள், மற்ற இரண்டை எதிரில் நிற்பவள் பிடிப்பாள். இருவரும் கையைத் தோளுக்கு மேலே தூக்கி ஓர் உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒருத்தியின் கை மேலே போகவில்லை என்றால் எதிரில் நிற்பவளுக்கு முதல் விரிப்பிலேயே தெரிந்துவிடும். என்ன பூசி மெழுகினாலும் மறைக்க முடியாது.

தலையணை உறை அப்படியில்லை. உட்கார்ந்த இடத்தில், தன்னந்தனியாக, மடியில் வைத்தே மடித்துவிடலாம். அதற்கென்று கூடத்தின் மூலையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நீளமாக ஒரு மேசை கிடந்தது. மாதம் முழுக்க அதில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், இருவருமே முழங்கால் வலிக்காரர்கள். பதினோராம் தேதி மட்டும் ஏழு பேர் இருப்பார்கள். கூடுதலாக வந்த ஐந்து பேரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். காலையில் வாசலிலேயே முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு நீ உறைக்குப் போ" என்று கஞ்சி அக்கா சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி, தான் ஏதோ பெரிய புண்ணியம் பண்ணிக்கொண்டிருப்பதாகவே அவள் நம்பியிருந்தாள்.

கஞ்சி அக்கா பத்தொன்பது வயதில் அங்கே வேலைக்கு வந்தவள். டாக்டர்களின் கோட்டுக்குக் கஞ்சி போடும் தொட்டியில்தான் முதலில் நிறுத்தினார்கள். கோட்டைவிட அவள் கழுத்துதான் விறைப்பு என்று எவரோ சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. தொட்டி போய் இயந்திரம் வந்தது, பெயர் போகவில்லை. இப்போது நாற்பத்தெட்டு வயது, இருபத்தாறு பெண்களுக்கு சூப்பர்வைசர். கோபம் மூக்குக்கு மேல் வரும். விரிப்பின் மூலை ஒரு விரல் பிசகினால் போதும், "இதை மடிச்சியா, இல்ல வீட்டுக் கோவத்துல சுருட்டி எறிஞ்சியா?" என்பாள். ஆனால் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் தேநீரை எடுத்து நீட்டுகிறவளும் அவள்தான்.

அவளுடைய கணவர் பஸ் கண்டக்டர். பதினோரு வருடம் குடும்பம் நடத்திவிட்டு ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். "எங்க வீட்டுக்காரர் ஒரு நாள்கூட என் மேல கை நீட்டினதில்லை" என்று சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் அவர் போட்டோவைக் காட்டி அக்கா சொல்லுவாள். அதைக் கேட்கும்போது கூடத்தில் நாலைந்து பேர் குனிந்து எதையோ தேட ஆரம்பிப்பார்கள். என்ன தேடுகிறார்கள் என்று அவள் யோசித்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அரசாங்கம் பெண்களுக்கு மாத உதவித்தொகை அறிவித்தது. பெண் பெயரில்தான் கணக்கு, பெண் கையில்தான் அட்டை. ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி காலையில் பணம் ஏறும், ஏறியதும் போனுக்குத் தகவல் வரும். படிவம் எட்டுப் பக்கம். இருபத்தாறு பேரில் அதை நிரப்பத் தெரிந்தவர்கள் நாலு பேர், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளை முழுக்க, துவைத்த துணிமூட்டை மேல் பலகையைப் போட்டுக்கொண்டு, முத்து முத்தான கையெழுத்தில் அத்தனை பேருக்கும் அவளே எழுதினாள். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை.

ஐந்தாம் பக்கத்தில் 'தொடர்பு எண்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், சரிபார்ப்புக்காக அழைக்கும்போது எடுக்காவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று போட்டிருந்தார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். சலவைக்கூடத்தில் போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஒரு காலத்தில் எவளோ இடுப்பில் செருகிய போன் விரிப்போடு இயந்திரத்துக்குள் போய் நாற்பது விரிப்பைக் கறுப்பாக்கிவிட்டது. அன்றிலிருந்து ஷிப்ட் தொடங்கும்போது எல்லாப் போனும் தகரப் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்படும். அரசாங்கம் பகலில்தான் அழைக்கும், பகலில் இவர்கள் போன் பெட்டிக்குள் கிடக்கும்.

"உன் வீட்டுக்காரர் நம்பர் சொல்லு. அவர்னா எடுப்பார்ல?" என்று ஒவ்வொருத்தியையும் அக்கா கேட்டாள். சொன்னார்கள். எழுதினாள். வார்டுகளுக்குத் துணி கொண்டுபோகும் தள்ளுவண்டிப் பெண்கள் ஆறு பேர் மட்டும் தங்கள் எண்ணையே கொடுத்தார்கள். வார்டிலிருந்து கூப்பிடுவார்கள் என்பதால் அவர்களுக்குப் போன் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஒரு விண்ணப்பம்கூடத் தள்ளுபடி ஆகவில்லை. அன்று அக்காவின் பெருமையைக் கேட்க வேண்டுமே!

பணம் வரத் தொடங்கியது. பொய் சொல்லக் கூடாது, நிறைய வீடுகளில் அது நல்லதே செய்தது. வாடகைக்காரன் கதவைத் தட்டுவது நின்றது. மாசக் கடைசியில் வெறும் பாத்திரத்தைப் பார்த்து மூளும் சண்டை குறைந்தது. சில ஆண்கள் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவரை "ஏய்" தான். ஆனால் ஐந்து வீடுகளில் மட்டும் முன்பு இஷ்டத்துக்கு விழுந்துகொண்டிருந்த அடி ஒரு தேதிக்கு ஒழுங்காக வந்து நின்றது. பத்தாம் தேதி மாலை. பணத்தைக் கொடுத்தால் குறைகிறதே என்று அடி. கொடுக்காவிட்டால் திமிர் என்று அடி. குழந்தைக்கு மருந்து வாங்கிவிட்டேன் என்றால் யாரைக் கேட்டு வாங்கினாய் என்று அடி. அடுத்த நாள் காலை அந்த ஐவரும் கையைத் தூக்க முடியாமல் வந்து நிற்பார்கள், அக்கா உறை மேசைக்கு அனுப்புவாள், எண்ணூறு விரிப்பும் நேரத்துக்கு வார்டுக்குப் போய்விடும்.

அந்த ஐவரில் மிகச் சின்னவள் சிட்டு. பெயருக்கு ஏற்ற உடம்பு. விரிப்பை விரித்துப் பிடித்தால் அதற்குப் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, அதை ஆஸ்பத்திரிக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஷிப்டுக்கு வருவாள். கணவன் லாரி ஷெட்டில் மெக்கானிக்.

அந்த மாதப் பதினோராம் தேதி, உதவித்தொகை எப்படிப் பயன்படுகிறது என்று கணக்கெடுக்க ஓர் அம்மாள் வந்தாள். கையில் பளபளவென்று ஒரு பலகைக் கணினி. ஆட்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நல்லெண்ணத்தோடு, உட்கார்ந்திருக்கிறவர்களிடம் முதலில் கேட்கலாம் என்று நேராக உறை மேசைக்குப் போனாள். இதைவிடப் பொருத்தமான இடம் அவளுக்கு ஊர் முழுக்கத் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

"உதவித்தொகை வந்த பிறகு குடும்பத்தில் அமைதி கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா, இல்ல மாற்றம் இல்லையா?"

"கூடியிருக்கு" என்றாள் முதலாமவள், உதட்டு வீக்கத்தோடு. "கூடியிருக்கு" என்றாள் அடுத்தவள். கணக்கெடுப்பு அம்மாள் உதட்டையும் பார்த்தாள், திரையையும் பார்த்தாள். திரையில் உதட்டுக்குக் கட்டம் இல்லை. 'கூடியது' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள். சிட்டுவின் முறை வந்தது. கேள்வியைக் கேட்டாள். சிட்டு உறையை மடித்துக்கொண்டே இருந்தாள். மறுபடி கேட்டாள். சிட்டு திரும்பவே இல்லை.

"ஏய் சிட்டு, அந்தம்மா உன்னைத்தான் கேக்கறாங்க!" என்று அக்கா கத்தினாள். மூன்றடி தூரம்தான். சிட்டு உறையின் நுனியை நீவிவிட்டாள். அக்கா போய்த் தோளைத் தொட்டபோது திடுக்கிட்டுத் திரும்பி, வலது காதைக் காட்டி, "இந்தப் பக்கம் சொல்லுங்கக்கா" என்றாள்.

அக்கா அவளை இழுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனாள். வெளியே நூறு பேர் வரிசையில் நின்றார்கள். "இந்த ஆஸ்பத்திரித் துணி மொத்தத்தையும் நாங்கதான் துவைக்கறோம், அஞ்சு நிமிஷம் எங்களுக்குத் தர மாட்டீங்களா?" என்று நர்ஸிடம் மல்லுக்கட்டி உள்ளே நுழைந்தாள். இடது காதின் சவ்வு கிழிந்திருக்கிறது, இது முதல் முறை அல்ல, இந்தக் காது இனி தேறுவது கஷ்டம், வலது காதிலும் பழைய காயம் இருக்கிறது, இன்னொரு அடி விழுந்தால் அதுவும் போகும் என்றார் டாக்டர். சொல்லிவிட்டு, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் சிட்டு. டாக்டர் அதையே எழுதினார்.

திரும்பி வரும் வழியில் நடைபாதைப் பெஞ்சில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா அம்மாவை அடிக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டார் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மறுநாள் காலையில் அம்மாவுக்குக் காபி கொடுத்து அனுப்புவார்கள். வளர்ந்த பிறகும் அந்த ரேடியோக்காரர்களை அவள் மன்னிக்கவில்லை. இப்போது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தபோது, இரண்டு வருடமாகத் தானும் அதே வேலையைத்தான் கவுரவமாக, சம்பளத்தோடு செய்துவந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. மேசை போட்டுக் கொடுத்திருக்கிறாள். அடித்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லாமல், வேலை ஒரு மணி நேரமும் தடைபடாமல், வெளியே ஒரு சத்தமும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "புருஷன் கை நீட்டினதில்லைன்னு போட்டோவைத் தூக்கிக் காட்டினேனே. அடிக்காம இருக்கறதுகூட ஒரு குணமா? மனுஷனா இருக்கறதுக்குப் பேரு பெருமையா?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். ஆறடி ஆகிருதி, கூடத்தில் அவளுக்கு ரயில் என்று பெயர். ரயிலின் கணவன் அந்தக் காலத்தில் பேர்போன முரடன். கல்யாணமான புதிதில் இவளை முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்ததை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவனின் பெண்டாட்டி இந்த இரண்டு வருடத்தில் ஒரு பதினோராம் தேதிகூட உறை மேசைப் பக்கம் வந்ததில்லையே என்பது அக்காவுக்கு அந்த நிமிஷம்தான் பொறி தட்டியது.

"ஏம்மா ரயிலு, உன் வீட்டுக்காரர் இப்ப எப்படி?"

"சாதுவா ஆயிட்டார்க்கா. சாமியார் மாதிரி."

"எப்படி திடீர்னு?"

"காசு எப்ப வருதுன்னு அவருக்குத் தெரியாதுல்ல. என் போனுக்குத்தானே வருது. மாசத்துக்கு ஒரு தேதியில வரும்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு மாசம் அஞ்சாம் தேதி சாமான் வாங்குவேன், ஒரு மாசம் இருபதாம் தேதி வாங்குவேன். என்னைக்கு என் கையில காசு இருக்கும்னு தெரியாம, பாவம், மாசம் பூரா மரியாதையா இருக்கார்!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வண்டியை உருட்டிப் போனாள்.

அக்கா சிரிக்கவில்லை. கூடத்துக்கு வந்து, படிவ நகல்களை வைத்திருந்த அலமாரியைத் திறந்து ஐந்தாம் பக்கங்களைப் புரட்டினாள். தள்ளுவண்டிக்காரிகள் ஆறு பேருக்கும் சொந்த எண். உறை மேசைக்கு வரும் ஐந்து பேருக்கும் புருஷன் எண். அத்தனையும் அவளுடைய முத்தான கையெழுத்து. அட்டை அவர்கள் கையில்தான் இருந்தது, ஆனால் தேதியை அவன்களின் சட்டைப்பையில் கொண்டுபோய் வைத்தவள் இவள். அன்று முழுக்க ஒரு விரிப்பின் மூலையைக்கூட அவள் பார்க்கவில்லை. கூடமே பயந்துபோனது, அவள் திட்டாமல் இருந்த நாள் அதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சிட்டுவை அழைத்துக்கொண்டு உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனாள். அடுத்த பத்தாம் தேதிக்கு முன் எண் மாறியாக வேண்டும். இன்னும் நான்கு வாரம். சிட்டுவிடம் மிச்சம் இருப்பது ஒரு காது.

மூன்றாம் ஜன்னலில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பொறுமையாகக் கேட்டார். "நம்பர் மாத்தறது ரொம்ப ஈஸிம்மா. ரெண்டு நிமிஷ வேலை. இப்ப பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்பறேன், ஆறு நம்பர் வரும், அதைச் சொன்னா போதும்."

"பழைய நம்பர் இவ புருஷன்கிட்ட இருக்கு சார்."

"அப்ப அவருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"அவர் அடிக்கறார்னுதான் சார் மாத்தறோம்."

"அதுக்கில்லம்மா, வேற ஆளு யாராவது வந்து இவங்க நம்பரை மாத்திட்டா? பாதுகாப்புக்குத்தான் இந்த ஏற்பாடு. பெண்கள் பாதுகாப்பை மனசுல வச்சுத்தான் பண்ணியிருக்காங்க."

அக்காவுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சார், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இவ அவனுக்குப் போன் போட்டு, 'ஏங்க, நீங்க என்னை அடிக்காம இருக்கறதுக்காக ஒரு நம்பரை மாத்தறேன், அதுக்கு உங்க அனுமதி வேணுமாம், அந்த ஆறு எண்ணைக் கொஞ்சம் வாசிங்க'ன்னு கேக்கணும். அவன் வாசிப்பான். அப்படித்தானே?"

வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. "நான் என்னம்மா பண்றது, கம்ப்யூட்டர் கேக்குது" என்றார்.

"கம்ப்யூட்டருக்குக் காது இருக்கா சார்? இவளுக்கு ஒண்ணுதான் இருக்கு. அதையாவது காப்பாத்திக் குடுங்க."

குமாஸ்தா கொஞ்ச நேரம் சிட்டுவையே பார்த்தார். பிறகு இழுப்பறையின் அடியிலிருந்து மங்கிப்போன ஒரு தாளை எடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். விண்ணப்பத்தை நிரப்பியவர் தவறான எண்ணை எழுதிவிட்டார் என்று அந்த நிரப்பியவரே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஓ.டி.பி. தேவையில்லை, அதிகாரியே மாற்றலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல். அப்படி எழுதிக் கொடுப்பவர் தவறான தகவல் தந்தவர் ஆகிறார். அவர் வேலை செய்யும் இடத்துக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் போகும். "யாரும் இதை எழுதிக் குடுத்ததே இல்லம்மா. அதனாலதான் தாளு இப்படி மஞ்சளாயிருக்கு" என்றார்.

"ஒண்ணு போதாது. அஞ்சு குடுங்க" என்றாள் அக்கா.

மற்ற நாலு பேரிடமும் அன்றே பேசினாள். இருவர் பயந்தார்கள், பிறகு சரி என்றார்கள். இந்த முறையும் அதே முத்து முத்தான கையெழுத்துதான். 'இந்த எண்ணை எழுதியது நான். விண்ணப்பதாரர் மீது தவறு இல்லை. தவறு முழுக்க என்னுடையது' என்று ஐந்து முறை எழுதி, ஐந்து கையெழுத்துப் போட்டாள்.

இதில் பாருங்கள் வேடிக்கையை. இரண்டு வருடமாக ஒருவன் காதைக் கிழித்தான், ஒருவன் உதட்டைக் கிழித்தான். ஒரு தாளிலும் 'தவறு என்னுடையது' என்று அவர்களில் எவனும் எழுத வேண்டி வரவில்லை. எழுதச் சொல்லி எந்த ஜன்னலும் கேட்கவில்லை. அதை எழுதியவள், அந்தப் பெண்களுக்காகத் தன் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்தவள். கடிதமும் அவளுக்குத்தான் வந்தது.

சலவை காண்ட்ராக்டர் கடிதத்தை மேசை மேல் போட்டார். "இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு? அவங்கவங்க வீட்டு விஷயம். எனக்கு ஆபீஸ்லேருந்து லெட்டர் வருது. நாளைக்கு இன்ஸ்பெக்ஷன்னு வந்து நிப்பான்."

"அவங்கவங்க வீட்டு விஷயத்தைத்தான் சார் ஒவ்வொரு மாசமும் பதினொண்ணாம் தேதி நம்ம மேசையில உக்கார வச்சிருந்தேன். உங்களுக்கும் தெரியும்."

அவர் பேனாவைத் திருகினார். தெரியாது என்று சொல்லவில்லை. சூப்பர்வைசர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார், வேலையிலிருந்து எடுக்கவில்லை. அதையே ஒரு பெரிய தயவு போலச் சொன்னார். அடுத்த நாள் முதல் கஞ்சி அக்கா விரிப்பு மடிக்கிற வரிசையில் நின்றாள், இருபது வருடத்துக்குப் பிறகு. முதல் நாள் மாலை தோள் இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. இதற்கே இப்படி என்றால், அடி வாங்கிய தோளோடு இவர்கள் எப்படி மடித்தார்கள் என்று நினைத்து இன்னும் ஆத்திரப்பட்டாள்.

பத்தாம் தேதி வந்தது. காலைத் தேநீர் நேரத்தில் தகரப் பெட்டியைத் திறந்தார்கள். சிட்டு தன் பழைய போனை எடுத்து, திரையைத் துணியால் துடைத்து, அக்காவிடம் நீட்டினாள். பணம் ஏறிய தகவல் வந்திருந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவளுடைய பணத்தைப் பற்றி அவளுக்கு முதலில் தெரிந்தது.

"அவருக்கு இது போயிருக்காதுல்லக்கா?"

"போகாது."

சிட்டு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வலது காது அக்கா பக்கம் இருக்கும்படி நகர்ந்து உட்கார்ந்தாள். "காசு வந்தது தெரியலன்னா அடிக்க மாட்டாராக்கா?"

ஆறுதலாக எதையாவது சொல்லிவிடலாம். ஒரு மாதம் முந்தைய கஞ்சி அக்கா என்றால் சொல்லியிருப்பாள். தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அடிப்பான். காசுக்காக அடிச்சான்னு நினைச்சியா? காசு வர்றதுக்கு முன்னாடியும்தானே அடிச்சான். காசு ஒரு சாக்கு. அது இல்லன்னா வேற சாக்கு தேடுவான். ஆனா தேடறதுக்கு அவனுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த நேரம் உன்னுது."

சிட்டு மீதித் தேநீரைக் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "பஸ்ஸுல போனா எங்க அக்கா வீட்டுக்கு ஆறு மணி நேரம். எத்தனையோ தடவை வான்னு கூப்பிட்டுட்டா. டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து வச்சா போதும்னு நினைப்பேன். சேர்ந்ததே இல்ல" என்றாள்.

"இன்னைக்கு இருக்கே."

"இருக்கு" என்றாள் சிட்டு, தனக்கே புதிதாகச் சொல்வது போல.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஏ.டி.எம்.மில் பணத்தை எடுத்தாள். காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பாமல் தோளில் போட்டுக்கொண்டாள். மாற்றுத் துணி இல்லையே என்று அவள் தயங்கியபோது, ரயில் குழந்தைகள் வார்டிலிருந்து இரண்டு சட்டை எடுத்து வந்து பையில் திணித்தாள். ஆஸ்பத்திரிச் சொத்து என்று முதுகில் முத்திரை போட்ட சட்டைகள். துணிக் கணக்கில் பிசிறு வந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற கஞ்சி அக்கா அதைப் பார்த்தாள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் சிட்டு ஏறிவிட்டாள் என்று ரயில் வந்து சொன்னாள்.

மறுநாள் பதினோராம் தேதி. அக்கா வாசலிலேயே நின்று வருகிறவர்களின் முகங்களைப் பார்த்தாள், பதவி போனாலும் பழக்கம் போகவில்லை. உறை மேசைக்கு வரும் மற்ற நால்வரில் மூவர் நேராக விரிப்பு வரிசைக்குப் போய் நின்றார்கள். ஒருத்திக்கு மட்டும் கன்னத்தில் விரல் தடம். அவளை மேசைக்கு அனுப்பவில்லை. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிப் போலீஸ் அறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த காவலர் எழுத மனமில்லாமல் பேனாவைத் தேடினார். தன் பேனாவைக் கொடுத்து, அவர் எழுதி முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவளை விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது சலவைக்கூட வாசலில் சிட்டுவின் கணவன் நின்றுகொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். ஷெட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். நேற்றுக் காலையிலிருந்து அவன் பெண்டாட்டி வீட்டில் இல்லை. மூன்று வயதுக் குழந்தை வீட்டில் இல்லை. ஒரு முழு இரவு போயிருக்கிறது. எங்கே என்று கேட்பான், சொல்லக் கூடாது, அழுதால்கூடச் சொல்லக் கூடாது என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள்.

"நீங்கதானே இங்க ஃபாரம் எழுதறவங்க?" என்று அவன் கேட்டான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் திரையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். "இந்த மாசம் மெசேஜ் வரலை. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

அக்கா காத்திருந்தாள். வேறு ஏதாவது கேட்பான் என்று ஒரு நிமிஷம் முழுக்கக் காத்திருந்தாள். அவன் போனை நீட்டியபடியே நின்றான்.